ஒழுங்கையும் சேர்த்து இருபது பேர்ச்

“இல்லாத கானை எப்பிடித் தம்பி துப்பரவாக்கினீங்க? அதையெண்டாலும் எனக்கு விளங்கச் சொல்லுங்க.”

“அக்கா, சத்தம் போடாமக் கதைங்க. கடிதம் நான் எழுதல்ல.”

“ஆரு எழுதினா என்ன, உங்கட சபைச் சீல்தானே அடிச்சிரிக்கி. ‘தங்களால் குறிப்பிடப்பட்ட வடிகான் கடந்த மாதம் துப்புரவு செய்யப்பட்டுள்ளது.’ எங்க கான்? வந்து காட்டுங்க. முப்பது வருசமா எனக்குத் தெரியாம என்ட வாசலால ஓடின கானை நானும் ஒருக்காப் பாக்கத்தானே வேணும்.”

வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மற்றப் பாதிக்குத் தங்கள் முறை பிந்துகிறதே என்ற எரிச்சல். புரட்டாதி மாதத்து வெயில். பிரதேச சபையின் நடமாடும் சேவை எங்கள் ஊர்ப் பல்நோக்கு மண்டபத்துக்கு வந்திருந்தது. சபை உங்கள் வாசலுக்கே வருகிறது என்று இரண்டு நாளாக ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். வந்தது நான்கு மேசை. நடமாடியது நாங்கள்தான், ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்கு.

சத்தம் போட்டவள் சீதேவி. எங்கள் மதிலோடு ஒட்டி வாவிக்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஸாஹிர், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஏறாவூர்ப் பிள்ளை, நல்ல மரியாதையானவர். அந்த மரியாதைதான் அவருக்கு வினை. கோபிக்கத் தெரிந்த உத்தியோகத்தராக இருந்திருந்தால் சீதேவி அடுத்த மேசைக்குப் போயிருப்பாள்.

நான் தெருவிளக்கு மேசையில் நின்றேன். எங்கள் வீட்டு முன் விளக்கு பகல் முழுக்க எரிந்துவிட்டு மாலை ஆறு மணிக்கு அணைந்துவிடும். என் முறை வந்தும் பின்னால் நின்ற இரண்டு பேரை முன்னுக்கு விட்டேன். அந்த இடத்திலிருந்துதான் வீதி மேசையில் பேசுவது நன்றாகக் கேட்டது.

“சரி அக்கா, நான் வாறன்,” என்றார் ஸாஹிர் கடைசியில். “நானே நேரில வந்து அளக்கிறன்.”

“எப்ப?”

“மாரிக்கு முதல்.”

“எந்த வருசத்து மாரி?”

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். சீதேவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவளுடைய ஒரே மகள் கம்சாயினிக்குத் தையில் கலியாணம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கு மற்றது என்ன இருக்கிறதோ இல்லையோ, வளவும் வீடும் இருக்க வேண்டும். சீதேவிக்கு அவளுடைய அப்பா கொடுத்த அதே வளவும் வீடும்தான் கம்சாயினிக்கு. மாப்பிள்ளை ரதீஸ் கிரானைச் சேர்ந்தவர், நெல் வயல்காரக் குடும்பம், அரசாங்க உத்தியோகம் வேறு. அவர்கள் ஆனி மாதத்தில் வந்து வீடு பார்த்தார்கள். ஆனியில் எங்கள் ஊரில் எந்த வீடும் அழகுதான். வாவிக்காற்று வீசியது, முற்றத்தில் மணல் பளபளத்தது, மாப்பிள்ளையின் பெரியம்மா சுவரைத் தடவிப் பார்த்து நல்ல நிறம் என்றாள்.

அந்த நிறத்தின் கதை எனக்குத் தெரியும். இளம்பச்சை. முந்தின கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு நின்ற வெள்ளத்தின் கோட்டை மறைக்க வைகாசியில் அடித்தது. முதல் தடவை அடித்து, கோடு தெரிகிறது என்று இரண்டாம் தடவையும் அடித்தார்கள்.

முன்பெல்லாம் அந்த வீட்டில் அவ்வளவு தண்ணீர் நின்றதில்லை. பிரதான வீதியை ஒன்றரை அடி உயர்த்தித் தார்க் காப்பெற் போட்டார்களே, அதற்குப் பிறகுதான். வீதியில் விழுகிற மழை முழுக்க எங்கள் மதிலடியால் திரும்பி, ஒழுங்கையில் இறங்கி, சீதேவி வாசலில் போய் நிற்கும். முகத்துவாரத்து மணலை வெட்டி வாவியைக் கடலில் விடாவிட்டால் பின்னாலிருந்து வாவியும் ஏறும். முன்னுக்கும் பின்னுக்கும் தண்ணீர், நடுவில் இளம்பச்சை வீடு. ஒழுங்கை ஓரமாக ஒரு கான் வெட்டி வாவியில் விட்டால் பாதித் தண்ணீராவது உள்ளே வராது. அந்த ஒரு கானுக்குத்தான் ஏழு மனு.

ஏழையும் எழுதியவள் கம்சாயினி. வந்தாறுமூலை வளாகத்தில் படித்துப் பட்டம் எடுத்து நான்கு வருடமாக வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளை. படித்த படிப்பெல்லாம் அந்த மனுக்களில்தான் போனது. ‘மேற்படி விடயம் தொடர்பில் தங்களின் மேலான கவனத்தை ஈர்க்க விரும்புகின்றோம்’ என்று அவள் வாசிக்கும்போது கேட்கவே நன்றாக இருக்கும். முதல் மூன்று மனுவும் போனது, உறுப்பினர்களே இல்லாமல் சபை கிடந்த காலத்தில். பிறகு தேர்தல் வந்தது. வேட்பாளராக வல்லிபுரம் வந்தார். ஒழுங்கை முகப்பில் நின்று, கையை நெஞ்சில் வைத்து, “என்ட முதல் வேலை இந்தக் கான்தான்,” என்றார். ஒழுங்கை முழுக்க அவருக்குப் போட்டோம். நானும் போட்டேன், எனக்கு விளக்கென்று சொல்லியிருந்தார்.

ஸாஹிர் சொன்னபடி வந்தார். அதுவே எங்களுக்கு ஆச்சரியம். ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள், மோட்டார் சைக்கிளில், ஒரு தொழிலாளியையும் அளவு நாடாவையும் கூட்டிக்கொண்டு. நான் அப்போது யன்னலோரத்தில் தைத்துக்கொண்டிருந்தேன். என் மெஷின் எப்போதும் அந்த யன்னலோரத்தில்தான், வெளிச்சத்துக்காக.

முதலில் ஒழுங்கையின் நடுவில் பிடித்தார்கள். “எட்டடி,” என்றான் தொழிலாளி. கடைசியில் பிடித்தார்கள். எட்டடி. முகப்பில் பிடித்தார்கள்.

“ஆறரை, சேர்.”

ஸாஹிர் நிமிர்ந்து எங்கள் மதிலைப் பார்த்தார். மதில் அவரைப் பார்த்தது. எனக்கு அடுப்பில் உலை வைத்தது நினைவுக்கு வந்தது, உள்ளே போய்விட்டேன்.

அந்த மதில் என் மனுசன் கட்டியது. ஒழுங்கைதானே, ஆருக்கும் சொந்தமில்லாத இடம்தானே என்று ஒன்றரை அடி வெளியே அத்திவாரம் போட்டார். அவர் போய் ஒன்பது வருடம். மதில் இருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது எல்லோரும் ஒழுங்கையின் நடுவில் நின்றார்கள். சீதேவி, கம்சாயினி, சீதேவியின் மனுசன் அழகரத்தினம். அழகரத்தினம் வாவியில் வலை போடுகிறவர். வீட்டில் எந்தப் பேச்சிலும் கடைசியாகத்தான் வாய் திறப்பார். அதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

“இந்த ஒழுங்கை எங்கட வீதிப் பதிவு இடாப்பில இல்ல, அக்கா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஸாஹிர். “அதான் ஒங்கட மனு ஒரு கோப்பிலயும் நிக்காமச் சுத்திக்கிட்டுத் திரியிது. இது ஆருட காணி எண்டு முதல்ல பாக்கணும். ஒங்கட காணி உறுதி இரிக்கா?”

“உறுதி இல்லாமலா?” சீதேவிக்குப் பெருமை. உள்ளே போய் றங்குப் பெட்டியிலிருந்து பொலித்தீன் பையோடு எடுத்து வந்தாள். சண்டைக் காலத்தில் மூன்று தடவை அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஒரு தடவை பிள்ளையின் உடுப்பை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய உறுதியை அவள் ஒருநாளும் வாசித்ததில்லை. வாசிக்க என்ன இருக்கிறது, வளவு இருபது பேர்ச் என்று அப்பா சொல்லியிருந்தாரே.

ஸாஹிர் வாசித்தார். உள்ளே இருந்த நில அளவைப் படத்தை விரித்தார். ஒழுங்கையைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

“அக்கா, ஒங்கட வளவு எவ்வளவு?”

“இருபது பேர்ச். எழுதியிரிக்கே.”

“எழுதித்தான் இரிக்கி. ஆனா வேலிக்குள்ள பதினாறுதான். மத்த நாலும், இப்ப நாம நிக்கிறமே, இந்த எடம்.”

எல்லோரும் குனிந்து காலடியைப் பார்த்தார்கள். நானும் யன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன், ஏதோ அதில் எழுதியிருக்கிற மாதிரி.

விசயம் இதுதான். சீதேவியின் அப்பா சாமித்தம்பிக்கு மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் ஒரே அளவு, இருபது இருபது பேர்ச் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய் கொடுத்துவிட்டார். மூத்தவளுக்கும் இரண்டாமவளுக்கும் ஒழுங்கையோரமாக இருபது இருபதாக வெட்டிக் கொடுத்த பிறகு, கடைசியில் வாவிப் பக்கம் மிஞ்சியது பதினாறு. மனுசன் யோசித்திருக்கிறார். நூற்று முப்பத்தாறு அடி நீளம், எட்டடி அகலம், நடக்கிற ஒழுங்கை சரியாக நாலு பேர்ச் வருகிறது. அதையும் கடைசி மகளின் சீதன உறுதியில் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார். நொத்தாரிசும் எழுதிவிட்டார். கணக்கு இருபது. ஒரு குறையும் இல்லை. ஊர் முழுக்க முப்பத்தொரு வருடமாக சீதேவியின் சீதனத்தில் நடந்து திரிந்திருக்கிறது.

அழகரத்தினம் படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப,” என்றார், “நான் பதினாறு பேர்ச்சுக்குத்தான் வந்திரிக்கன்.”

“இப்ப என்ன, திரும்பிப் போகப் போறீங்களா?” என்றாள் சீதேவி.

“இல்ல. கேட்டன்.”

ஸாஹிருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு அவர் சொன்னது சிரிப்புக்குரியதல்ல. தனியார் காணியில் சபைக் காசு போட முடியாது. ஒழுங்கையைச் சபைக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது சபை வீதி. வீதி இடாப்பில் ஏறும். பிறகு மதிப்பீடு. பிறகு வரவு செலவுத் திட்டம்.

“பிறகு கான்?” என்றாள் கம்சாயினி.

“எழுதித் தாங்க தங்கச்சி. அது இல்லாம நான் ஒண்டும் செய்ய ஏலாது. தந்தா நான் முன்னுக்கு நிண்டு பாக்கிறன், அதச் சொல்ல ஏலும்.”

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டில் நடந்த பேச்சு ஒழுங்கை முழுக்கக் கேட்டது. நான் வாவிப் பக்கம் விறகு பார்க்கப் போயிருந்தேன், அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

“குடுங்கம்மா,” என்றாள் கம்சாயினி. “குடுத்திட்டு, கிரான் ஆக்களுக்கும் சொல்லிடுங்க. வளவு பதினாறு, நாலு கானுக்குக் குடுத்த எண்டு.”

“சொன்னா?”

“சொன்னா என்ன. விளங்கிக்குவாங்க.”

“உனக்கு மனு எழுதத்தான் தெரியும். இருபது எண்டு என்ட வாயால சொன்ன நான். உறுதியில இருபது எண்டு காட்டினன். இப்ப போய் நாலு ஒழுங்கை எண்டு சொன்னா, என்ட அப்பாவைக் கள்ளன் எண்டு சொல்லுவாங்க. கான் வரட்டும், கலியாணம் முடியட்டும், அவன் வந்து இந்த வீட்டில காலை நீட்டிப் படுக்கட்டும். பிறகு ஆரு பேர்ச்சை எண்ணப் போறாங்க?”

“குடுக்காம விட்டா?” என்று அழகரத்தினம் கேட்டார். வழமைக்கு மாறாக நடுவில்.

“விட்டா தையில மாப்பிள்ளையைத் தோணியிலதான் கூட்டி வரணும். உங்கட தோணி ஓட்டை.”

ஐப்பசி நடுவில் சீதேவி போய்க் கையெழுத்து வைத்தாள். வல்லிபுரம் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். அடுத்த கிழமையே சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், சீமெந்தோடும் கம்பிகளோடும். ஒழுங்கைச் சனம் முழுக்கக் கான்தான் என்று வெளியே வந்து நின்றது. சீதேவி தொழிலாளிகளுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எங்கள் மதிலடியில் ஒரு குழி தோண்டி, மூன்று மொழியில் ‘வாவிக்கரை ஒழுங்கை’ என்று எழுதிய பெயர்ப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். வல்லிபுரத்தின் முகநூலில் அந்தப் பலகை வந்தது. ‘மக்களின் நீண்டநாள் கோரிக்கை நிறைவேற்றம்’. நூற்று நாற்பது பேருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, பலகை வடிவாகத்தான் இருந்தது.

இனி என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், வேறு ஆரும் கூட்டிச் சொல்ல முதல்.

கூறைக்குரிய சட்டையைத் தைக்க என்னிடம்தான் கொடுத்தார்கள். துணியைக் கொண்டு வந்தவள் மாப்பிள்ளையின் பெரியம்மா, சுவரைத் தடவிய அதே மனுசி. கம்சாயினியை வரச்சொல்லி அளவெடுத்து அனுப்பிய பிறகும் மனுசி போகவில்லை. நான் வெட்டிய துணிக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். மனுசி யன்னலால் பலகையைப் பார்த்தாள்.

“இது போன முறை இல்லையே, தங்கச்சி?”

“புதுசு அக்கா. சீதேவி தன்ட சொந்தக் காணியைச் சபைக்கு எழுதிக் குடுத்து, இப்ப ஒழுங்கை சபைட. இந்தக் காலத்தில ஆரு அப்பிடிக் குடுப்பாங்க? நல்ல மனசு.”

புகழ்ந்துதான் சொன்னேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

“எவ்வளவு குடுத்தவ?”

“கனக்க இல்ல. நாலு பேர்ச்.”

மனுசி விரல் மடித்து எண்ணினாள். நான் அடுத்த பிடி ஊசியை வாயில் கவ்வினேன்.

“அது அந்த இருபதுக்குப் புறம்பானதுதானே?”

வாயில் குண்டூசி இருக்கும்போது தலையைத்தான் ஆட்ட முடியும். ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதில்தான் பிறகு சீதேவிக்கும் எனக்கும் வழக்கு. நான் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

கார்த்திகை இரண்டாம் கிழமை மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. வீதித் தண்ணீர் பலகையின் காலைச் சுற்றிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கியது. முகத்துவாரம் இன்றைக்கு வெட்டுகிறார்கள், நாளைக்கு வெட்டுகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் சீதேவி வீட்டுக்குள் அலுமாரியைக் கல் வைத்து உயர்த்தினார்கள். நான்காம் நாள் கல்லும் தெரியவில்லை. கம்சாயினி ஸாஹிருக்கு ஒன்பது தடவை அழைத்தாள். பாவம், அவர் ஒன்பது தடவையும் எடுத்தார். “மதிப்பீடு போட்டு அனுப்பிட்டன் தங்கச்சி. அடுத்த வருசத் திட்டத்திலதான் வரும்,” என்றார் ஒன்பது தடவையும்.

மழை விட்டு, தண்ணீர் விடாத ஒரு காலையில் கிரானிலிருந்து வான் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியம்மாவும் இறங்கினார்கள். ரதீஸ்தான் ஓட்டி வந்தது, அவர் இறங்கவில்லை. ஒழுங்கைக்குள் போக வழியில்லாமல் அவர்கள் எங்கள் வாசற்படியில் ஏறி நின்றார்கள். எங்கள் வளவுக்குள் தண்ணீர் வராது, மதில் இருக்கிறதே. நான் கதிரை போட்டேன். இருக்கவில்லை.

சீதேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் வந்தாள். படிக்குக் கீழே நின்றாள். மேலே ஏறி வா என்று நான் சொன்னேன். காதில் விழாதவள் மாதிரி நின்றாள்.

“மச்சாள், தண்ணியைப் பாத்து ஒண்டும் நினைக்காதீங்க,” என்று அவளே தொடங்கினாள். “முகத்துவாரம் வெட்டினா ரெண்டு நாளில வத்திரும்.”

“தண்ணி எல்லா இடமும்தான் மச்சாள்,” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, மெதுவாக. “எங்கட வயல் வட்டை முழுக்கத் தண்ணிக்குள்ளதான், விதைச்ச வெள்ளாமை தெரியல்ல. தண்ணிக்காக நாங்க வரல்ல.”

“பின்ன?”

“இருபது எண்டு சொன்னீங்க.”

சீதேவி என்னைப் பார்த்தாள். நான் கதிரையைத் துடைத்தேன்.

“உறுதியில இருபதுதான் இருந்த. நாலைக் கானுக்குக் குடுத்த. உங்கட மகன் வந்து இரிக்கப்போற வீடு, அவர்ட கால் நனையக்கூடாது எண்டுதான் குடுத்த.”

“ஒழுங்கையைச் சீதனம் எண்டு காட்டினீங்க. மறுகா அதையும் குடுத்திட்டீங்க. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல.” மனுசியின் குரல் உயரவே இல்லை. “அது கிடக்கட்டும். கானுக்குக் குடுத்த எண்டுறீங்களே, எங்க கான்?”

புரட்டாதியில் மண்டபத்தில் சீதேவி கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு ஸாஹிர் முழித்த மாதிரித்தான் அவளும் முழித்தாள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பலகைதான் இருந்தது.

கம்சாயினி ஒழுங்கைக் கடைசியில் தன் வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது வானை. ரதீஸ் உள்ளேயிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீராவிப் புகார் ஏறிய கண்ணாடிதான், துடைக்க வேண்டியதுதான். ஆனால் வான் திரும்பிப் போகும்வரை துடைத்தார். நாலு பேர்ச் விசயத்தை அவள் ஐப்பசியிலேயே அவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள் என்பதும், அதுக்கென்ன, நான் பாத்துக்கொள்றன் என்று அவர் சொன்னார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

முகத்துவாரம் அடுத்த நாள் வெட்டினார்கள். தண்ணீர் வற்றியது. இளம்பச்சைச் சுவரில் புதிய கோடு, பழையதற்கு நான்கு விரல் மேலே.

தை பிறந்தது. கலியாணத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு இரண்டு நாள் பிந்திச் சபையிலிருந்து சீதேவிக்குக் கடிதம் வந்தது. ஸாஹிர் முன்னுக்கு நின்று பார்த்துத்தான் இருக்கிறார், அதை மறுக்கக்கூடாது. கானுக்கு இந்த வருடத் திட்டத்தில் இடம் கிடைத்திருந்தது. ஒரேயொரு நிபந்தனை: ஒழுங்கை முகப்பில் ஒன்றரை அடிக்கு உள்ள அத்துமீறல் அகற்றப்பட்டதும் வேலை ஆரம்பிக்கப்படும். அதே தபாலில் எனக்கும் ஒன்று வந்தது. என் பெயரைப் பிழையில்லாமல் ‘திருமதி கேதீஸ்வரி’ என்று அடித்திருந்தார்கள்.

சீதேவி அந்தக் கடிதத்தோடு வந்தாள். கார்த்திகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் வாசலுக்கு வந்தாள். அழகரத்தினம் படலையடியில் நின்றார்.

“அக்கா, நடந்தது போகட்டும்,” என்றாள். “மதிலை ஒண்டரை அடி உள்ளுக்கு வைங்க. கூலியாள் நான் பிடிச்சுத் தாறன். கல்லையும் நாங்களே அடுக்கித் தாறம்.”

“அவர் கட்டின மதில், சீதேவி.”

“என்ட அப்பா எழுதின உறுதி, அக்கா. அதை நான் குடுக்கல்லையா?”

“இனிக் கான் வந்து உனக்கு என்னத்துக்கு? கலியாணம்தான் நிண்டு போச்சே.”

சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. சீதேவி கடிதத்தை நாலாக மடித்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. சத்தம் போடாத சீதேவியை நான் அன்றைக்குத்தான் கண்டேன். படலையைத் திறந்துகொண்டு போனாள். அழகரத்தினம் அதைத் திரும்பச் சாத்திவிட்டுப் போனார்.

அன்றிரவு என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் சபைக்கு ஒரு மனு எழுதினேன். தனித்து வாழும் விதவை, மதிலை அகற்றக் கால அவகாசம் தேவை என்று. ஏழு மனுவுக்கு இல்லாத கானைத் துப்புரவாக்கிய சபை, என் ஒரு மனுவுக்கு ஆறாம் நாளே பதில் போட்டது. மறு அறிவித்தல் வரை அவகாசம் வழங்கப்பட்டுள்ளது. அதை நான் மெஷின் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். கானுக்கு ஒதுக்கியதை வருட முடிவுக்குள் வேறு வட்டாரத்து மதகு ஒன்றுக்கு மாற்றிவிட்டதாக வல்லிபுரம் சொன்னார். அவர் இப்போதும் ஒழுங்கை முகப்பில் நின்று நெஞ்சில் கை வைக்கிறார். என் விளக்கு இப்போதும் பகலில்தான் எரிகிறது.

ஸாஹிர் ஓட்டமாவடிப் பக்கம் மாற்றலாகிப் போய், அங்கேயே ரிப்கா என்ற ஒரு ஆசிரியையைக் கலியாணம் செய்துகொண்டார். போகும்போது சீதேவி வீட்டுக்கு மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் யன்னலைப் பார்க்கவில்லை. ரதீஸ் செங்கலடியில் கலியாணம் முடித்தார். அந்தப் பெண்ணின் வளவு இருபத்திரண்டு பேர்ச். பெரியம்மா இந்த முறை நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு வேலி நாடா பிடித்துப் பார்த்தாளாம்.

அடுத்த மாரிக்கு முதல் சீதேவியும் அழகரத்தினமும் கடைசி வீட்டை விட்டு வந்துவிட்டார்கள். லண்டனில் இருக்கிற மூத்த அக்காவின் பூட்டிக் கிடந்த வீட்டில், ஒழுங்கையின் முன்பக்கம், காவலுக்கு இருப்பது மாதிரி இருக்கிறார்கள். இளம்பச்சை வீட்டுக்குள் இப்போது வலையும் ஓட்டைத் தோணியும்.

கம்சாயினிக்கு வேலை வரவில்லை. கதிரவெளியில் ஒரு பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனாள். அங்கே சுதாகரன் என்றொருவர், கடல் தொழில். அவர் வீட்டாருக்கு வளவும் வேண்டாம், உறுதியும் வேண்டாம் என்றார்கள். கலியாணம் முடித்து மாமியார் வீட்டில் போய் இருக்கிறாள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளை ஆம்பிளை வீட்டுக்கு வாழப்போனது அதுதான் முதல் தடவை; ஊர் இன்னும் அதைப் பேசி முடிக்கவில்லை, நானும்தான்.

போவதற்கு முதல் நாள் அந்தக் கூறைச் சட்டையைக் கொண்டு வந்தாள். கிரான் ஆட்களுக்கென்று தைத்த அதே சட்டை.

“கை கொஞ்சம் இறுக்கம் மாமி. பிரிச்சு விட ஏலுமா?”

பிரித்துவிட்டேன். ஒரு முழு மணித்தியாலம் என் யன்னலோரத்தில் இருந்து மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்பாள், நானும் ஏதாவது சொல்லலாம் என்று மெதுவாகத்தான் தைத்தேன். சட்டையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒழுங்கை முகப்பில் எதிரே ஒரு முச்சக்கர வண்டி வந்தது. இரண்டுக்கும் இடம் போதாது. அவள் பலகையடியில் ஒதுங்கி நின்று அதை உள்ளே விட்டுவிட்டுப் போனாள். சித்திரை வருடப்பிறப்புக்கு மகளும் மருமகனும் வருவார்கள் என்று சீதேவி சொல்லிக்கொண்டிருந்தாள். வரவில்லை.